14 அங்குலப் புரியும் ஈயக் குண்டும்: கேஸ் செக் ஒருவழியாக நேராக அமர்ந்தது

தெற்கு ஐடஹோவின் அல்ஃபால்ஃபா வயல்களில் தரை அணில்களுக்காக வைத்திருக்கும் என்னுடைய பழைய ரெமிங்டன் 722 துப்பாக்கி, வீட்டில் வார்த்த ஈயக் குண்டுகளைக் கொண்டு 100 கஜத்தில் ஐந்து துளைகளை ஒன்றேகால் அங்குலத்திற்குள் வைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு நல்ல நாளில் தற்செயலாக அமைந்த தாளைக் காட்டி மகிழ்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு வார்ப்பிலும் இதே அளவு மீண்டும் மீண்டும் வருகிறது. செப்புறை போட்ட குண்டுகளை இந்தத் துப்பாக்கி இதைவிட நெருக்கமாகவே வைக்கும். ஆயினும் பழைய அச்சக எழுத்து ஈயத்தை உருக்கி வார்த்த குண்டு இவ்வளவு நெருங்கி வந்திருப்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இது சுடும் .222 ரெமிங்டன் தோட்டா 1950இல் இதே 722 மாதிரியோடு வெளிவந்தது. இதன் குழலில் 14 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்ற மெதுவான புரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளம், வெட்டப்பட்டிருக்கிறது. இன்றைய 8 அங்குலப் புரிக் குழல்களுக்குப் பழகியவர்கள் இதைக் குறையாகவே பார்க்கிறார்கள். வார்ப்புக் குண்டைப் பொறுத்தவரை இதைவிட நல்ல வரம் கிடையாது என்பது என் கருத்து. வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ் ஒன்று எங்கேயாவது ஒளிந்திருந்தால் குண்டின் எடைமையம் அதன் சுழலச்சைவிட்டு விலகுகிறது. சுழற்சி கூடக் கூட அந்த விலகல் குண்டை வெளியே இழுத்துச் செல்கிறது. நொடிக்கு 1,800 அடி வேகத்தில் 14 அங்குலப் புரியிலிருந்து வெளியேறும் குண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 92,500 முறை சுழல்கிறது. அதே வேகத்தில் 8 அங்குலப் புரி அதை 1,62,000 முறை சுழற்றிவிடும். வார்ப்பின் சிறு குறைகளை முதல் குழல் பொறுத்துக்கொள்கிறது, இரண்டாவது பொறுப்பதில்லை.

இதற்கு ஈடாக, குண்டு குட்டையாக இருந்தாக வேண்டும்; நீளமான குண்டை மெதுவான புரியால் நிலையாகப் பறக்கவைக்க முடியாது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் 1879இல் தந்த சூத்திரப்படி, விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கிப் புரியின் நீளத்தால் வகுத்தால், 0.224 அங்குல விட்டத்திற்கு 0.54 அங்குல நீளம் கிடைக்கிறது. சூத்திரம் சற்றுக் கூடுதலாகவே எச்சரிப்பது. ஆகவே அரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும் 45 கிரெய்ன் (சுமார் 2.9 கிராம்) குண்டு நிம்மதியாகப் பறக்கிறது. 55 கிரெய்ன் அச்சில் வார்த்தவை தடுமாறிப் பறந்து தாளில் நீள்வட்டத் துளைகளை விட்டதால், அந்த அச்சு வேகப்புரிக் குழல் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் போய்விட்டது.

ஆனால் இவ்வளவு காலம் என்னைப் படுத்தியது புரியோ எடையோ அன்று. சூடான வெடிவாயுவிடமிருந்து ஈயத்தைக் காக்கக் குண்டின் அடியில் மாட்டும் கேஸ் செக் என்ற அந்தச் சின்னஞ்சிறு செப்புக் கிண்ணிதான். குழல் முனையைவிட்டுக் கடைசியாக வெளியேறுவது குண்டின் அடிப்பாகம். அது ஒரு பக்கம் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் வாயு அந்தப் பக்கத்தில் முந்திப் பீறிட்டுக் குண்டைத் தட்டிவிடுகிறது. பெரிய காலிபர்களில் (குழல் விட்டங்களில்) மன்னிக்கப்படும் சாய்வை இந்தச் சிறிய 22 காலிபர் மன்னிப்பதில்லை.

சாய்வின் முதல் காரணம் அச்சிலேயே இருக்கிறது. அடிப்பக்கமாக ஊற்றும் அச்சில், மேலே உறைந்த ஈயத்தை வெட்டுத்தகடு அறுக்கும் இடமே குண்டின் அடி. சீக்கிரம் அறுத்தால் ஈயம் கிழிந்து குழி விழுகிறது. தாமதித்தால் தகடு முரண்டு பிடித்து மொட்டுப் போன்ற ஒரு புடைப்பை விட்டுவிடுகிறது. அந்த மொட்டின் மேல் கிண்ணி உட்கார்ந்தால் குண்டை அளவுக்குக் கொண்டுவரும் துளையச்சான டை எதனாலும் அதை நேராக்க முடியாது. போதாக்குறைக்கு, 22 அச்சின் குழி மிகச் சிறியது என்பதால் ஒவ்வொரு ஊற்றிலும் உள்ளே போகும் ஈயம் இரும்புக் கட்டையைச் சூடாக வைத்திருக்கப் போதாது. நிறுத்தி நிறுத்தி வார்த்தால் குண்டுகள் சுருக்கம் விழுந்து வெளிவருகின்றன. ஆகவே உறைந்த ஈயம் பளபளப்பை இழந்து மங்கும் கணத்தைப் பார்த்து அறுப்பது, அறுத்த கையோடு மறுபடி ஊற்றுவது என்ற தாளத்தைவிட்டு விலகாமல் வார்க்கிறேன். குண்டுகளைப் பார்வையிடும் வேலையெல்லாம் அடுப்பை அணைத்த பிறகுதான்.

இரண்டாவது காரணம் கிண்ணியின் விறைப்பு. அமுக்கிய பிறகு அதன் சுவர் சற்றே பின்வாங்கிப் பிடியைத் தளர்த்துகிறது. கிண்ணிகளைச் செந்நிறம் வரும்வரை சூடேற்றி இளக்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. கூம்புத் துரப்பணத்தின் மழுங்கிய முனையால் வாயை மயிரிழை விரித்துக்கொண்டால், கிண்ணி குண்டின் அடியில் தட்டுத் தடங்கலின்றி இறங்குகிறது. மூக்கை அமுக்கிக் குண்டை டைக்குள் இறக்கும் கருவியில் அமுக்குமுனையின் வடிவம் பொருந்தாவிட்டால் மென்மையான மூக்கு வளைந்துவிடும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டேன். அடியைத் தட்டையான தண்டின் மேல் நிறுத்தி, மூக்கு முன்செல்ல மேல்நோக்கித் தள்ளும் டை இந்த வேலைக்கு எவ்வளவோ மேல். முதலில் 0.226 அங்குல டையில் கிண்ணி அமர்கிறது. குண்டை அரைச்சுற்றுத் திருப்பி 0.225இல் மீண்டும் தள்ளுகிறேன். பிறகு கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பார்க்கும்போது அடியில் ஒளிக்கீற்று தெரியும் குண்டுகள் உருக்குச் சட்டிக்கே திரும்புகின்றன. எடை பார்த்துப் பிரிப்பதைவிட இந்தக் கண்ணாடிச் சோதனையே தாளில் அதிக வித்தியாசத்தைக் காட்டியது.

நேராக அமர்ந்த கிண்ணியைத் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கழுத்தில் கெடுத்துவிடாமலும் இருக்க வேண்டும். இறுகிய கழுத்து ஈயத்தைச் சுரண்டும்; ஆகையால் படி வைத்த விரிப்பானால் கழுத்தின் வாயைச் சற்று அகலப்படுத்திய பிறகே குண்டை இறக்குகிறேன். .222இன் கழுத்து 0.313 அங்குல நீளம் உடையது; அதன் நெருங்கிய உறவான .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு 0.203தான். மூக்கு புரியைத் தொடும்படி குண்டை வெளியே நீட்டி வைத்தாலும், குண்டில் மசகு மெழுகு நிரப்பும் பள்ளங்களும் கிண்ணியும் இந்த நீண்ட கழுத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வெடிமருந்தின் அளவை இங்கே எழுதுவதாக இல்லை. அதைத் தயாரிப்பாளர்களின் அட்டவணையில் பார்த்துக்கொள்வதே முறை.

ஈயம் கிடைப்பதுதான் இனிப் பெரும்பாடு. 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் கலந்த, அச்சகங்கள் எழுத்து வார்க்கப் பயன்படுத்திய லினோடைப் உலோகம் இந்தச் சிறு குண்டுகளுக்கென்றே கலந்ததுபோல் அச்சின் ஒவ்வொரு மூலையையும் நிரப்புகிறது. ஆனால் பழைய அச்சகங்கள் மூடிய பின் அது அரிதாகிவிட்டது. டயர் கடைகளின் சக்கர எடைகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் பாதிக்கு மேல் கலந்து வருகின்றன. துத்தநாகம் 419 பாகை செல்சியஸில்தான் உருகும் என்பதால், சட்டியை அதற்குக் கீழேயே வைத்து மிதப்பதை வழித்துவிடலாம். 22 கேஸ் செக்குகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் "வந்துகொண்டிருக்கிறது" என்று எழுதிய விற்பனையாளரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

வேகத்தை நொடிக்கு 2,000 அடிக்கு மேல் உயர்த்திப் பார்ப்பது இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குள் மனம் பவுடர் பூச்சுக்குத் தாவிவிட்டது: மெழுகுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் தூளைப் பூசி 200 பாகை செல்சியஸில் இருபது நிமிடம் சுட்டெடுத்து, அடுப்பிலிருந்து நேராகத் தண்ணீரில் போட்டால் ஆண்டிமனி கலந்த ஈயம் கடினமாகவும் ஆகிவிடும். பூச்சுக்கு முன்பு கிண்ணியை மாட்டுவதா, பின்பா என்பதை இரண்டு விதமாகவும் செய்து கண்ணாடித் தகட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அடுப்பு வாங்கியாகிவிட்டது, தூள் இன்னும் வந்து சேரவில்லை.