160 ஆசையும் 150 டயரும்: கேடிஎம் டியூக் 390 பைக்கின் பின்பக்க டயரை மாற்றியது

நேற்று சாயங்காலம் சாரல் விட்டும் விடாமலும் இருந்தபோது புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவில் டீ குடித்துவிட்டு இறங்கினேன். பின் சக்கரம் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. மூணு மாசமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய வளைவு அது. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

பழைய டயர் 14,000 கி.மீ. ஓடியது. பட்டன் (டயரின் மேல் வரி) மிச்சம் இருந்தது, ஆனால் செங்கோட்டை–தென்காசி நேர் ரோட்டிலேயே ஓடி நடுப்பாகம் தட்டையாகிவிட்டது. வண்டியைச் சாய்த்தால் அந்தத் தட்டையின் விளிம்பில் வந்து பொத்தென்று விழும். 'நல்லா உழைக்கும்' என்று தலையில் கட்டிய டயர், ரப்பர் ரொம்பக் கெட்டி. கேரளா போகும் எம்-சாண்ட் லாரி டீசல் சிந்திய ஈர ரோட்டில் அதை நம்பவே முடியாது.

தென்காசியில் ஒரு கடையில், "தம்பி, 160 போடுங்க, பின்னாடி கும்முன்னு இருக்கும்" என்றார்கள். 160 என்பது மி.மீ.ல் டயரின் அகலம்; கம்பெனி போட்டது 150. ரெண்டு நாள் அதே நினைப்பு. பேப்பரில் கணக்குப் போட்டதும் ஆசை போய்விட்டது. நம்ம ரிம் அகலம் 4 இன்ச். 160/60 டயர் 4.5 இன்ச் ரிம்முக்கு வார்த்தது. 4 இன்ச்சில் மாட்டினால் ரெண்டு ஓரமும் உள்ளே நெருங்கி நடு கூம்பிவிடும். பார்வைக்குத்தான் அகலம், நேராகப் போகும்போது தரையில் படுகிற ரப்பர் குறைந்துவிடும். உயரமும் ஏறும். 60 என்றால் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 60 சதவீதம்: 150/60ல் பக்கச்சுவர் 90 மி.மீ., 160/60ல் 96. மொத்த விட்டத்தில் 12 மி.மீ. கூடுதல். முன், பின் சக்கர வேகத்தை ஒப்பிட்டுத்தான் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) வேலை செய்கிறது. மலை ரோட்டில் அதோடு விளையாட எனக்கு மனசில்லை. கம்பெனி போட்ட அளவே போதும்.

எடுத்தது பிரெல்லி டயாப்லோ ரோஸோ 2, 150/60 ஆர்17 (17 இன்ச் ரிம்முக்கான ரேடியல் டயர்), 66எச். 66 என்றால் 300 கிலோ தாங்கும், எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை. ஒரு கடையில் காட்டிய டயரில் தேதி 1121, அதாவது 2021ல் பதினோராவது வாரம். அத்தனை நாள் குடோனில் கிடந்த ரப்பர் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். புனலூர் கடைச் சேட்டன் கேட்பதற்கு முன்பே டயரைத் திருப்பி நம்பரைக் காட்டினார். இனி எனக்கு அந்தக் கடைதான்.

மாட்டுவதை வீட்டிலேயே செய்தேன். எதிர்ப்பக்கத்து பீட் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) பகுதியை முட்டியால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டால், டயரை நெம்பும் லிவருக்கு வேலையே இல்லை. இது புரியாமல்தான் போன தடவை ரிம்மைக் கீறினேன். டயரின் எடை குறைந்த இடத்தைக் காட்டும் மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்துக் காற்று ஏற்றினேன். ரெண்டு பக்க பீடும் ரிம்மில் உட்கார்ந்து டப், டப் என்று சத்தம் வந்தது. ஆனால் டயரில் ரிம் ஓரமாகச் சுற்றி வரும் மெல்லிய கோடு ஓர் இடத்தில் மட்டும் ரிம்முக்குள் புதைந்திருந்தது. காற்றை இறக்கி, அந்த இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றினேன். மூணாவது தடவைதான் கோடு சுற்றிலும் ஒரே அளவில் வந்தது. கடையில் மாட்டினாலும் இந்தக் கோட்டைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

முதல் 200 கி.மீ. மெதுவாகவே ஓட்டி, புது டயரின் வழவழப்பு போன பிறகுதான் புளியரைக்குப் போனேன்.

பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது) இன்னும் பாக்கி. 90ஐத் தாண்டினால் சீட்டில் லேசான அதிர்வு தெரிகிறது. திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். முன் டயரையும் புனலூரில் சொல்லி வைத்திருக்கிறேன், 110/70. வந்ததும் கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் வரை ஒரு நடை.