வராளி சொல்லித்தராத பாட்டி

என் பாட்டிக்கு ராகுகாலம் கிடையாது, எமகண்டம் கிடையாது. பூனை குறுக்கே போனால், "அதற்கும் ஏதாவது வேலை இருக்கும், போகட்டும்" என்பார். தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும்வரை கணக்கு நடத்தியவர். நிரூபித்துக் காட்டாத எதையும் நம்பமாட்டார். அப்படிப்பட்டவர் வராளி ராகத்தை மட்டும் யாருக்கும் நேரடியாகச் சொல்லித்தர மறுத்துவிட்டார்.

கர்நாடக சங்கீதத்தில் இது பழைய நம்பிக்கை. குரு எதிரில் உட்காரவைத்து வராளியைச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் மனக்கசப்பு வந்துவிடுமாம். இதில் என்ன தர்க்கம் என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை. ஆனால் உன்னோடு மனக்கசப்பு வந்தால் எனக்குத் தாங்காது" என்றார்.

போன ஐப்பசியில் பாட்டி காலமானார். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், "எந்தெந்த சபாவில் பாடியிருக்கிறார்?" என்று விசாரித்தார்கள். எந்த சபாவிலும் இல்லை. அவர் மேடைக்கு ஆசைப்பட்டதாகவும் எனக்கு நினைவில்லை. அன்று வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய மாணவிகள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட "டீச்சர், டீச்சர்" என்றே அழுதார்கள். வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள், பின்னக் கணக்கு தனக்கு எப்படிப் புரிந்தது என்று சொன்னார். பாட்டி வகுப்பில் எல்லோரையும் மேஜைமேல் ஆதி தாளம் போடச் சொல்வாராம். முதல் காலத்தில் (வேகத்தில்) ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. "இப்போது ஒரு ஸ்வரத்துக்கு எவ்வளவு இடம்?" "கால், டீச்சர்!" நாற்பது பிள்ளைகள் மேஜையைத் தட்டினால் பக்கத்து வகுப்பு என்ன ஆகும்? புகார் போனதாம். பாட்டி மறுநாள் முதல் தொடையில் தட்டச் சொல்லிவிட்டு, பாடத்தை அப்படியே நடத்தினாராம்.

அம்மாவுக்கு வெளியூரில் வேலை. ஆகவே நான் வளர்ந்தது பாட்டியிடம். காலையில் எனக்குத் தலை பின்னுகிற நேரம்தான் ஜண்டை வரிசைக்கான, அதாவது ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரட்டித்துப் பாடும் ஆரம்பப் பயிற்சிக்கான, நேரம். ஸ்வரம் பிசகினால் பின்னல் ஒரு இழுப்பு இழுக்கப்படும். வலிக்காது, ஆனால் தெரியும். அந்தப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையில் ரிஷபம், அதாவது 'ரி', எங்கே நிற்க வேண்டும் என்பதை இன்றும் என் மண்டைத்தோல் சொல்லும்.

சீட்டுப் பணத்தில் வாங்கிய வீணை ஒன்று கூடத்தில் இருந்தது. குடம், தண்டி, யாளி முகம் மூன்றும் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை வாங்க டீச்சர் சம்பளம் போதாது. இது ஒட்டு வீணை. வீணையின் இருபத்து நான்கு மெட்டுகளும், அதாவது தந்திக்கு அடியில் ஸ்வர இடங்களைக் காட்டும் உலோகக் கட்டைகளும், மெழுகின்மேல் உட்கார்ந்திருப்பவை. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த அந்த மெழுகு நாளாவட்டத்தில் அமுங்கும், மெட்டு நகரும், சுருதி விலகும். அப்போது ஆசாரி வந்து மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்ப மறுபடி பதிப்பார், அதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். அவர் கட்ட, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மெட்டாக மீட்டிப் பார்ப்பார். "அம்மா, சரியாகத்தான் இருக்கிறது." "அந்தரகாந்தாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது." "அம்மா, மத்தியானம் ஆகிறது." "சாப்பிட்டுவிட்டு வந்து கட்டுங்கள். இலை போட்டாயிற்று."

தை மாதம் வந்தால் திருவையாறு. தியாகையர் மறைந்த திதியான பகுள பஞ்சமியன்று காவிரிக்கரையில் தியாகையர் சமாதிக்குப் போவதற்கு முன், எதிரில் இருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மா நினைவிடத்தில் என்னை விழுந்து கும்பிடச் சொல்வார். அங்கே பெண்கள் பாட இடமில்லாத காலத்தில், தன் சொத்தைச் செலவழித்துத் தியாகையருக்குக் கோயில் எழுப்பி, பெண்களைத் தனியாகத் திரட்டிப் பாடவைத்தவர் அவர், 1952இல் மறைந்தார். "இந்த அம்மாள் இல்லையென்றால் நாம் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போயிருப்போம்" என்பார் பாட்டி. எல்லோரும் சேர்ந்து பாடும் தியாகையரின் பஞ்சரத்தின கீர்த்தனைகள் முதலில் நாட்டை ராகம், பிறகு கௌளை, ஆரபி என்று நகர்ந்து, நான்காவதாக வராளியில் 'கனகன ருசிரா' வரும்போது பாட்டி என் பக்கம் திரும்பாமல், ஆனால் என் காதுக்கு நேராகப் பாடுவார். கூட்டத்தோடு பாடுவது கற்பித்தலில் சேராதல்லவா!

வீட்டிலும் இதே கணக்குதான். நான் கூடத்தில் வராளியை முனகிப் பார்ப்பேன். அதன் பிரதிமத்யமம், அதாவது மேல் 'ம', வழக்கமான இடத்தில் நிற்காது. பஞ்சமத்தை நோக்கிச் சற்று ஏறி நிற்கும். வீணையில் மெட்டில் விரல் வைத்தால் மட்டும் போதாது, தந்தியை ஒரு நூலளவு இழுக்க வேண்டும். நான் தாழ்த்திப் பாடினால் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். பிறகு அதே சங்கதி, யாருக்கோ பாடுவதுபோல், அங்கிருந்து சரியாகக் கேட்கும். நான் திருத்திப் பாடிய பிறகே தாளிக்கிற சத்தம் வரும். இப்படியே முழு ராகமும் எனக்கு வந்துவிட்டது.

மனக்கசப்பு மட்டும் வராமல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில், படிக்க நேரம் வேண்டும், பாட்டை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். கணக்கு டீச்சர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "கணக்குக்காகப் பாட்டை விடுகிறவளுக்கு இரண்டுமே புரியவில்லை" என்று சொல்லிவிட்டு, என்னோடு பேசுவதையே நிறுத்தினார். சாப்பாடு வந்தது, தலை பின்னியாயிற்று, பேச்சு மட்டும் இல்லை. அரைப் பரீட்சை முடிந்த பிறகு நானே போய்ச் சுருதிப் பெட்டியை எடுத்துவைத்தேன்.

"வராளியே சொல்லிக்கொடுக்கவில்லை, அதற்குள் இவ்வளவு சண்டையா, பாட்டி?" என்றேன்.

"சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த ஜென்மத்தில் பேசியிருக்க மாட்டோம். சுருதியைச் சேர்" என்றார்.