சாவியைத் திருப்பியும் நிற்காத இன்ஜின்

ஜூன் 8, 2024, சனி

டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து மெர்சிடிஸ் 300 டி வீட்டுக்கு வந்துவிட்டது. 1981 மாடல், டபிள்யூ 123 வரிசை, ஐந்து சிலிண்டர் டீசல். இன்று ஸ்டார்ட் செய்தேன், உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் நிறுத்தத்தான் முடியவில்லை. சாவியைக் கையில் எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பானெட்டைத் திறந்து ‘ஸ்டாப்’ லீவரை அழுத்திப் பிடித்துத்தான் நிறுத்தினேன்.

இந்த வண்டியில் இன்ஜினை நிறுத்துவது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சுவதால் வரும் இழுவிசை. சாவியை அணைத்தால் அதன் பின்னால் இருக்கும் வால்வு வழியாக வேக்குவம் இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் டயாஃப்ரத்துக்கு (ரப்பர் சவ்வுக்கு) போகும். அது இழுத்தால் டீசல் நின்றுவிடும். பெயிண்டுக்காக ஹோஸ்களைக் கழற்றியவர்கள் ஞாபகத்தில் இருந்தபடி திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். “தம்பி, கரண்ட்ல நிக்கிற மாதிரி ஒரு சோலனாய்டு போட்டுடலாமே” என்றார். மனசு வரவில்லை. இந்த வண்டி எப்படி நிற்க வேண்டுமோ அப்படியே நிற்கட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

எனக்குக் கிடைத்த ஹோஸ் இணைப்புப் படம் அமெரிக்காவில் விற்ற டர்போ வண்டியுடையது. இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) லைன், ஆட்டோமேட்டிக் கியருக்கு ஒரு லைன் என்று ஏகப்பட்டது. என்னுடையது டர்போ இல்லாத மேனுவல் வண்டி. இல்லாத ஹோஸைத் தேடியே காலைப் பொழுது போய்விட்டது.

மதியம் படத்தை மடித்து வைத்துவிட்டு வேக்குவம் பம்ப்பிலிருந்து ஆரம்பித்தேன். இந்த டீசலில் த்ராட்டில் (காற்று வரும் வழியை மூடித் திறக்கும் தகடு) கிடையாது, அதனால் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயில்) வேக்குவம் உருவாகாது. இன்ஜினின் முன்பக்கம் தனி பம்ப் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து தடித்த பைப் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. மெல்லிய பைப்கள் எல்லாம் அதிலிருந்து கிளை பிரிபவை. அவற்றுக்கு நிறக் குறியீடு உண்டு, ஆனால் எல்லாவற்றின் மேலும் பெயிண்ட் தூசி படிந்திருந்தது. ஒன்றை நகத்தால் சுரண்டினேன். வெள்ளைக்கு அடியில் பழுப்பு, அதன்மேல் தலைமுடி அளவுக்கு ஒரு நீலக் கோடு! சாவியிலிருந்து டயாஃப்ரத்துக்குத் திரும்பி வரும் பைப் அதுதான். அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து அடைத்திருந்தார்கள். டயாஃப்ரத்தில் இருந்ததோ கதவுப் பூட்டுக்குப் போகும் மஞ்சள் பைப்.

மாற்றி மாட்டினேன். இப்போது நிற்கிறது, ஆனால் சாவியை அணைத்து இருபது விநாடி கழித்து.

ஜூன் 15, சனி

எங்கோ கசிகிறது. அதே போல்ட்டால் மஞ்சள் பைப்பை அடைத்துப் பார்த்தேன். இன்ஜின் உடனே நின்றது. அப்படியென்றால் கசிவு பூட்டுப் பக்கம்தான். டிரைவர் கதவைத் தவிர மற்ற மூன்று கதவு, டிக்கி, டீசல் மூடி எல்லாமே வேக்குவத்தில்தான் பூட்டுகின்றன.

ஜூன் 16, ஞாயிறு

கைப் பம்ப்பை வைத்து ஒவ்வொரு கதவாகப் பார்த்தேன். இடது பின்கதவில் பம்ப் மீட்டரின் முள் நிற்காமல் இறங்கியது. உள்பக்க அட்டையைக் கழற்றினால், பூட்டை இழுக்கும் டயாஃப்ரத்தின் ரப்பர் ஓரமாகக் கிழிந்திருக்கிறது. பிளாஸ்டிக் பைப்கள் 43 வருஷம் கழித்தும் நன்றாக இருக்கின்றன. இணைக்கிற ரப்பர் துண்டுகள்தான் கல்லாகிவிட்டன. ஒரு துண்டை மாதிரிக்கு எடுத்துக்கொண்டேன், எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

புது டயாஃப்ரம், புது ரப்பர் எல்லாம் மாட்டியாயிற்று. நேற்று மாலை சாவியைத் திருப்பியதும் சட்டென்று நின்றது. இன்று காலை ஸ்டார்ட் செய்யாமலே டிரைவர் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டுகளுக்காக வேக்குவத்தைச் சேமித்து வைக்கும் டாங்க்கில் இரவெல்லாம் அது தங்கியிருக்கிறது. மெல்லிய மூச்சுச் சத்தத்தோடு நான்கு கதவுக் குமிழ்களும் உள்ளே இறங்கின.