ஒரே மூச்சில் பன்னிரண்டு

அம்மாவுக்கு ஆறு வருஷமாக மயஸ்தீனியா, தசைகள் சோர்ந்து பலமிழக்கும் நோய். பிரிடோஸ்டிக்மின் மாத்திரை 60 மி.கி. நேரம் தவறாமல் போகிறது, வண்டி ஓடுகிறது. போன மாதம் சிறுநீர்க் கடுப்பும் காய்ச்சலும். களியக்காவிளையில் ஒரு கிளினிக்கில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்கள். நோயைச் சொன்னேன். "அது கண்ணு சொக்குற நோய்தானே, இதுக்கும் அதுக்கும் என்ன?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் சாயங்காலம் அப்பத்தைப் பிய்த்து வாயில் வைத்தவள் மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டாள். இமை இரண்டும் கீழே. மூச்சுத் தசையின் பலம் பார்க்க, ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். வழக்கமாக 25 தாண்டுவாள், 12-இல் நின்றுபோனது.

காரைப் பிடித்துத் திருவனந்தபுரம். பாலராமபுரத்தில் நெரிசல், எனக்குத்தான் மூச்சு முட்டியது. அங்கே ஆஸ்பத்திரியில் நேராக கேஷுவால்டிக்கு, அதாவது அவசரப் பிரிவுக்கு, போகாமல் ஓ.பி. கவுண்டரில் நின்றேனே, அது முழு முட்டாள்தனம். "ஃபைல் இல்லாதே பற்றில்ல" (ஃபைல் இல்லாமல் முடியாது) என்றார்கள். ஃபைல் வீட்டு பீரோவில்! அரைமணி நேரம் கெஞ்சிய பிறகு ஒரு அட்டெண்டர் சேச்சிதான் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு கேஷுவால்டியில் விட்டார். அம்மா பர்ஸில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததுமே இளம் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. லெவோ நிறுத்தம், பதிலுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. வென்டிலேட்டர் வரை போகவில்லை.

அவர் விளக்கியது: நரம்பு நுனியில் கால்சியம் நுழைந்தால்தான் தசைக்குச் சேதி சொல்லும் அசிட்டைல்கோலின் வெளியே வரும், அது தசையிலுள்ள ஏற்பிகளில் ஒட்டினால்தான் தசை சுருங்கும். அம்மாவுக்கு ஏற்பிகளே குறைவு. ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஆன்டிபயாடிக் அந்தக் கால்சியத்தையே மறிக்கும். லெவோ, சிப்ரோ வகையும் நரம்பு தசையைத் தொடும் இடத்தில்தான் கை வைக்கும். 2011-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்குக் கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. அசித்ரோமைசினிலும் கவனம் வேண்டுமாம். காய்ச்சலே கூட நோயைக் கிளப்பும், பழி முழுவதும் மாத்திரை மேல் இல்லை என்றும் சொன்னார். நியாயம்தான்.

மயஸ்தீனியா உள்ள வீட்டுக்காரர்களே, கூடாத மருந்துப் பட்டியலை டாக்டரிடம் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள், ஃபைலை போனில் படம் எடுத்து வையுங்கள். மூச்சு திணறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ ஓ.பி. பக்கமே திரும்பாதீர்கள்.

நாலாம் நாள், ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று அம்மா ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். நான் எண்ணவில்லை.