பேச்சு ஓடியது, ஃபேக்ஸ் ஓடவில்லை: அலுவலகத்துக்குப் பிஆர்ஐ லைன் போட்ட அனுபவம்

வாடிக்கையாளர்களிடமிருந்து வந்துகொண்டே இருந்த புகார் ஒன்றுதான்: எப்போது கூப்பிட்டாலும் லைன் பிஸி. எங்களிடம் பன்னிரண்டு அனலாக் லைன்கள், ஒரு பழைய பிபிஎக்ஸ் (அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அதன் பின்னால் ஐம்பதுக்கும் மேல் எக்ஸ்டென்ஷன்கள். அதில் இரண்டு லைனை ஃபேக்ஸ் பிடித்துக்கொள்ளும், கிளை அலுவலகத்திலிருந்து கணக்கு வாங்கும் மோடம் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்த பிறகும் சில லைன்கள் விடுபடாமல் தொங்கும். அனலாக்கில் 'அவர் வைத்துவிட்டார்' என்ற செய்தி எல்லா லைனிலும் தெளிவாக வராது, டோனைக் கேட்டு பிபிஎக்ஸ்தான் ஊகிக்க வேண்டும், ஊகம் தப்பினால் அந்த லைன் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். ஒரே இணைப்பில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைனுக்கு மாறலாம் என்று முடிவாகி வேலை என்னிடம் வந்தது. இதே வேலை வேறு யாருக்காவது வரலாம் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் கேள்வி, எத்தனை சேனல் வேண்டும், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புக்கு வழி வேண்டும் என்பது. விற்பனைப் பிரதிநிதி கண்ணை மூடிக்கொண்டு முப்பது என்றார். எனக்குக் கணக்கு பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிபிஎக்ஸிலிருந்து அழைப்புப் பதிவை எடுத்தோம், ஆனால் அதில் இருப்பவை கிடைத்த அழைப்புகள் மட்டும்தானே, பிஸி டோன் கேட்டு வைத்துவிட்டுப் போனவர்கள் பதிவில் இருக்க மாட்டார்கள். அவர்களையும் தோராயமாகச் சேர்த்து, நெருக்கடியான ஒரு மணி நேரத்துக்கு 200 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். மொத்தம் 600 நிமிடம், 60ஆல் வகுத்தால் 10 எர்லாங், அதாவது சராசரியாக எந்நேரமும் பத்து அழைப்பு நடந்துகொண்டிருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரத்தில் இதைப் போட்டால், நூறு அழைப்பில் ஒன்றுக்கு மேல் பிஸி ஆகக் கூடாது என்றால் 18 சேனல் தேவைப்படும். பத்து எர்லாங்குக்குப் பத்து சேனல் போதுமே என்று எங்கள் கணக்குப் பிரிவில் கேட்டார்கள். அழைப்புகள் ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வந்தால் போதும்தான், அவை குவிந்து குவிந்து அல்லவா வருகின்றன!

பிஆர்ஐ என்பது ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசிச் சேவையின் ஒரு வகை, அதில் இரண்டு வகை உண்டு. சின்னது பிஆர்ஐ என்றால் பெரியதும் தமிழில் பிஆர்ஐ என்றே எழுதப்படும், அதனால் சின்னதை பேசிக் ரேட் என்றே சொல்கிறேன்: 64 கிலோபிட் சேனல் இரண்டு, சிக்னலுக்கு 16 கிலோபிட் சேனல் ஒன்று. கடை, சிறு அலுவலகம் என்றால் அது போதும். பெரியதான பிரைமரி ரேட் பெரும்பாலான நாடுகளில் இ1 மேல் வருகிறது: நொடிக்கு 2.048 மெகாபிட், 32 இடங்கள், அதில் 30 பேச்சுக்கோ தரவுக்கோ, ஒன்று ஒத்திசைவுக்கு, ஒன்று சிக்னலுக்கு. வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டி1 வகை, 1.544 மெகாபிட், 23 சேனலும் ஒரு சிக்னல் சேனலும். எங்களுடையது இ1. பதினெட்டைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு மீதியைத் தரவுக்கும் வளர்ச்சிக்கும் விடலாம் என்பதால் கடைசியில் பிரதிநிதி சொன்ன முப்பதே வந்தது. பரவாயில்லை, காரணம் தெரிந்து வாங்கினோம்.

விண்ணப்பப் படிவம்தான் உண்மையான தலைவலி. பெயர், முகவரி எல்லாம் ஒரு பக்கம், அடுத்த பக்கத்தில் சிஆர்சி4 (லைனில் பிழை வருகிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு) வேண்டுமா, நேரடி எண்கள் எத்தனை, உள்வரும் அழைப்பில் எத்தனை இலக்கம் அனுப்ப வேண்டும், வெளியே போகும்போது எந்த எண் காட்ட வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். விற்பனைப் பக்கத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை, 'எல்லாரும் போடுவதைப் போடுங்கள்' என்றார்கள். நான் அவர்களுடைய தொழில்நுட்ப ஆளையும் எங்கள் பிபிஎக்ஸ் பொருத்துபவரையும் ஒரே போன் அழைப்பில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகக் கேட்டு, முடிவானதை மின்னஞ்சலில் இருவருக்கும் அனுப்பினேன். இந்த ஒரு மின்னஞ்சல் பின்னால் பல சண்டைகளைத் தடுத்தது.

பொருத்தும் நாள். லைன் கொடுப்பவர்கள் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, ஆர்ஜே45 வாயைக் காட்டி, பச்சை விளக்கு எரிகிறது பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். எங்கள் பிபிஎக்ஸ் கார்டிலோ கோஆக்சியல் வாய், அது 75 ஓம், இவர்கள் பெட்டி 120 ஓம். நடுவில் மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும், அது யார் பையிலும் இல்லை. அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேபிளிலும் ஒரு பொறி உண்டு. பார்க்க நெட்வொர்க் கேபிள் மாதிரியே இருக்கும், ஆனால் இ1 ஓடுவது 1, 2 பின்களிலும் 4, 5 பின்களிலும். குறுக்குக் கேபிள் தேவைப்படும் இடத்தில் 1ஐ 4க்கும் 2ஐ 5க்கும் மாற்ற வேண்டும். கணினிக்கான குறுக்குக் கேபிளில் மாறுவது 1க்கு 3, 2க்கு 6. அதைச் செருகிவிட்டு 'லைன் செத்துவிட்டது' என்று புகார் எழுதக் கூடாது.

விளக்கு பச்சையானதும் வெளியே போகும் அழைப்புகள் உடனே போயின. உள்ளே வருபவை வரவில்லை. பொருத்துபவர் லைனைக் குறை சொன்னார், லைன்காரர்கள் பிபிஎக்ஸைக் குறை சொன்னார்கள். இங்கேதான் டிஜிட்டலின் அருமை தெரிந்தது: ஒவ்வொரு அழைப்பும் ஏன் முடிந்தது என்பதற்கு சிக்னல் சேனலில் ஒரு காரண எண் வரும். 16 என்றால் யாரோ ஒழுங்காக வைத்துவிட்டார், 17 என்றால் எதிர்முனை பிஸி, 34 என்றால் காலியான சேனல் இல்லை. எங்கள் பதிவில் உள்வரும் எல்லா அழைப்புக்கும் 1 என்று இருந்தது, அதாவது அப்படி ஓர் எண்ணே இல்லை, அதைச் சொன்னது எங்கள் பிபிஎக்ஸ். மின்னஞ்சலைத் திறந்து பார்த்தோம். எக்ஸ்சேஞ்ச் கடைசி நான்கு இலக்கம் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தது, பிபிஎக்ஸ் அட்டவணையில் மூன்று இலக்கம் போடப்பட்டிருந்தது. அதைத் திருத்தியதும் ஒவ்வொரு மேசையும் தன் சொந்த எண்ணில் ஒலிக்கத் தொடங்கியது, ஆபரேட்டருக்குப் பாதி வேலை குறைந்தது.

அப்புறம் ஃபேக்ஸ். பேச்சு கண்ணாடி மாதிரி தெளிவு, ஆனால் ஃபேக்ஸ் ஒரு பக்கம் போகும், இரண்டாவது பக்கத்தின் நடுவில் அறுந்துவிடும், சில நேரம் கோடு கோடாக வரும். இயந்திரம் பழசு, மாற்றுங்கள் என்றார் பொருத்துபவர். அதே இயந்திரத்தை அனலாக் லைனில் செருகினால் ஒழுங்காக ஓடியது, ஆகவே அந்தப் பேச்சு எடுபடவில்லை. லைன் நிறுவனமோ தங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்று சோதனை அறிக்கையே கொடுத்துவிட்டது, அது உண்மையும்கூட.

காரணம் கடிகாரம். குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக அனுப்புவதால்தான் ஒரு சேனல் 64 கிலோபிட் ஆகிறது. எக்ஸ்சேஞ்ச் ஒரு வேகத்தில் அனுப்ப, பிபிஎக்ஸ் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் வேறு வேகத்தில் வாங்கினால், அந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து ஒரு ஃபிரேம் (32 இடங்களும் ஒரு முறை வந்துபோகும் ஒரு சுற்று) முழுதாக நழுவிவிடும் அல்லது இரண்டு முறை வரும். இதைத்தான் ஸ்லிப் என்கிறார்கள். பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருந்தாலே 12.5 நொடிக்கு ஒரு ஸ்லிப். ஒரு ஃபிரேம் என்பது 125 மைக்ரோ நொடி, அது போனால் காதுக்குத் தெரியவே தெரியாது. ஃபேக்ஸ் மோடத்துக்கு அது அலையில் விழும் திடீர்த் தாவல், ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும் இரண்டு பக்கத்தில் நாலைந்து முறை விழுந்தால் தாங்காது. கார்டின் புள்ளிவிவரப் பக்கத்தில் ஸ்லிப் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். கார்டில் கடிகாரம் 'உள்' என்று அமைக்கப்பட்டிருந்தது, அதை 'லைன்' என்று மாற்றினார்கள், அவ்வளவுதான். எண்ணிக்கை நின்றது, ஃபேக்ஸ் ஓடியது. விளக்கு எப்போதும் பச்சையாகத்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். யாராவது விளக்கைக் காட்டி வேலை முடிந்தது என்று சொன்னால், ஒரு பத்துப் பக்க ஃபேக்ஸை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

தரவு பக்கம் இதைவிடச் சுலபமாக முடிந்தது, இரண்டு விஷயம் தவிர. கிளை அலுவலகத்தில் பேசிக் ரேட் லைன், ரவுட்டர், இரண்டு சேனலையும் சேர்த்து 128 கிலோபிட். இன்றைய இணைய வேகத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும், ஆனால் பழைய மோடம் கத்தி முடித்து இணைவதற்குள் இது இணைந்து, கணக்கை அனுப்பி, வைத்தும் விடும். முதல் சிக்கல்: தரவு அழைப்புகள் காரண எண் 57ஓடு திரும்பி வந்தன, அந்த வகை அழைப்புக்கு அனுமதி இல்லை என்று பொருள். ஐஎஸ்டிஎன்னில் அழைக்கும்போதே இது பேச்சா, கட்டுப்பாடில்லாத டிஜிட்டல் தரவா என்று சொல்லியாக வேண்டும். எங்கள் லைன் பேச்சுக்கு மட்டும் திறக்கப்பட்டிருந்தது, கேட்டதும் திறந்துவிட்டார்கள். படிவத்தில் அந்த வரியே இல்லை, நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, ரவுட்டர் நள்ளிரவிலும் தானாக டயல் செய்துகொண்டிருந்தது. கிளையில் அணைக்காமல் விட்ட ஏதோ ஒரு கணினி பெயர் தேடிக் கேள்வி அனுப்பும், ரவுட்டர் அதை முக்கியமான வேலை என்று நினைத்து லைனை எழுப்பும். ஒவ்வொரு இணைப்பும் போன் அழைப்பு மாதிரியே கட்டணக் கணக்கில் ஏறும் என்பதால் இது விளையாட்டு இல்லை. எந்தப் போக்குவரத்து வந்தால் மட்டும் டயல் செய்யலாம் என்று வடிகட்டி, சும்மா இருந்தால் சீக்கிரம் வைத்துவிடும்படி நேரத்தையும் குறைத்தோம்.

பழைய எண்களை ஒரே நாளில் வெட்டவில்லை. சில வாரங்கள் இரண்டும் சேர்ந்து ஓடின, பழைய எண்ணுக்கு வருபவை புதிய தலைமை எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டன. எல்லாம் மாறிய பிறகும் இரண்டு அனலாக் லைனை மட்டும் கொடுத்துவிடாமல் வைத்துக்கொண்டேன். ஒன்று லிஃப்டின் அவசர போனுக்கு, இன்னொன்று வாசலில். எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வருவதால் கரண்ட் போனாலும் அந்தச் செம்புக் கம்பி பேசும். பிஆர்ஐ பெட்டி, பிபிஎக்ஸ் இரண்டும் யுபிஎஸ்ஸை நம்பித்தான் இருக்கின்றன, அதன் பேட்டரி தீர்ந்தால் முப்பது சேனலும் ஒன்றாகப் போய்விடும்.

இப்போது புதிதாக வாங்குபவர்கள் பிஆர்ஐ எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டால், முதலில் உங்கள் ஊரில் அது இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று கேளுங்கள் என்பேன். பிரிட்டனில் 2023 செப்டம்பரிலேயே புதிய ஐஎஸ்டிஎன் விற்பனையை நிறுத்திவிட்டு, 2027 ஜனவரிக்குள் பழைய வலையை மூடுவதாக அறிவித்திருக்கிறார்கள். பல இடங்களில் பிஆர்ஐ என்ற பெயரில் வருவதே உள்ளுக்குள் ஐபி வழியாக ஓடி, கடைசிப் பெட்டியில் மட்டும் இ1 ஆக மாறுவதுதான். அப்படிப்பட்ட லைனில் பேச்சுக்குக் குறை வராது, டிஜிட்டல் தரவு அழைப்பு மட்டும் போகாமல் இருக்கலாம், ஃபேக்ஸும் டி.38 (ஐபி வழியாக ஃபேக்ஸ் அனுப்பும் முறை) ஆதரவைப் பொறுத்துத்தான். கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.