தெரபிஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார்?

ஐஎஃப்எஸ், அதாவது இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ் என்பது, மனதைப் பல 'பகுதிகள்' சேர்ந்த ஒரு குடும்பம் போலப் பார்க்கும் மனநலச் சிகிச்சை முறை. அதில் கிளையன்ட்டிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அந்தப் பகுதியைப் பார்த்தா இப்போ உங்களுக்கு அது மேல என்ன தோணுது?" "எரிச்சலா இருக்கு, ஒழிஞ்சா போதும்" என்று பதில் வந்தால், பேசுவது இன்னொரு பகுதி. அதைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மேலே போக முடியும். "ஏன் இப்படிப் பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும் போல இருக்கு" என்று வந்தால் செல்ஃப், அதாவது எந்தப் பகுதியின் பிடியிலும் இல்லாத அமைதியான மையம், எட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சி முடித்த யாருக்கும் இது தெரியும். ஆனால் இதே கேள்வியைத் தெரபிஸ்ட் தன்னிடம் கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

இந்த முறை உருவான காலத்திலேயே அப்படி ஒரு இடறல் நடந்தது. 1980களில் சிகாகோவில் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் ஃபேமிலி தெரபிஸ்டாக இருந்தார். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஒரு பெண்ணிடம், அதைச் செய்யவைக்கும் பகுதியோடு மல்லுக்கட்டி, 'இந்த வாரம் செய்ய மாட்டேன்' என்று ஒப்புக்கொள்ள வைத்துத்தான் அனுப்பினார். அடுத்த முறை அந்தப் பெண் வந்தது முகத்தில் காயத்தோடு. 'என்னால் உன்னை ஜெயிக்க முடியாது' என்று ஷ்வார்ட்ஸ் கையை விரித்த பிறகுதான், அந்தப் பகுதி எதற்காக அதைச் செய்கிறது என்று சொல்ல ஆரம்பித்தது. அவரே பலமுறை சொல்லியிருக்கும் சம்பவம் இது. அங்கே மோதிக்கொண்டது கிளையன்ட்டின் ஃபயர்ஃபைட்டரும் (வலி கிளம்பியதும் அதை எப்படியாவது அணைக்கப் பாயும் பகுதி) தெரபிஸ்ட்டின் மேனேஜரும் (வலி வராமலிருக்க எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டுப்படுத்தப் பார்க்கும் பகுதி). ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் மறுபக்கமும் கூடும். இரண்டுமே தாங்கள்தான் காப்பாற்றுகிறோம் என்று நம்பும்.

தெரபிஸ்ட்டிடம் அடிக்கடி முன்னுக்கு வருவது 'சரிசெய்யும்' பகுதி. அதன் அடையாளங்களை உடம்பில் பிடிப்பது சுலபம்: முதுகு நாற்காலியை விட்டு முன்னால் வந்திருக்கும், கேள்விகள் நீளும், கிளையன்ட் மூச்சுவிடும் இடைவெளியில்கூட நாம் பேசிக்கொண்டிருப்போம். சலித்துப்போன பகுதி என்றால் கண் கடிகாரத்துக்குப் போகும். பயந்த பகுதி என்றால் அந்த கிளையன்ட் இன்று வராவிட்டால் நல்லது என்று காலையிலேயே தோன்றும்.

பிடிக்கக் கஷ்டமானது செல்ஃப் மாதிரியே வேஷம் போடும் மேனேஜர். குரல் மென்மையாக இருக்கும், முகத்தில் கனிவு இருக்கும், வார்த்தைகளெல்லாம் பாடப்புத்தகம் போல இருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி, உள்ளே ஏதாவது திட்டம் ஓடுகிறதா என்று பார்ப்பது. இந்த செஷனுக்குள் கிளையன்ட் அழ வேண்டும், மாற வேண்டும், நம்மைப் பாராட்ட வேண்டும் என்று ஏதாவது எதிர்பார்ப்பு இருந்தால் அது செல்ஃப் இல்லை. கிளையன்ட் "இல்ல, எனக்கு அப்படித் தோணல" என்று மறுக்கும்போது வயிற்றில் சின்னதாக ஒரு இறுக்கம் வருகிறதா? அதுவே பதில். கிளையன்ட்டின் பாதுகாவல் பகுதிகள் இதை நம்மைவிட வேகமாக மோப்பம் பிடிக்கும்.

நம் ஊரில் இதற்குத் தனி தூண்டில் ஒன்று உண்டு. "நீங்களே சொல்லுங்க மேடம், நான் என்ன பண்ணட்டும்?" கேட்பது கிளையன்ட்டின் மேனேஜர், நம்முடைய அறிவுரைப் பகுதிக்கோ அது விருந்து. இரண்டும் கைகோத்தால் செஷன் அருமையாகப் போகும், உள்ளே ஒன்றும் நகராது. "முடிவு உடனே தெரியணும்னு அவசரப்படுற பகுதி ஒண்ணு இருக்கு போல. தெரியாமப் போனா என்ன ஆகும்னு அதுக்குப் பயம்?" என்று அந்த அவசரத்தின் பக்கமே திரும்புவது பலன் தரும்.

செஷன் நடுவில் நம் பகுதி ஒன்று பொங்கினால் செய்யவேண்டியது சில விநாடி வேலை. அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். 'உன்னைப் பார்த்துட்டேன், அப்புறம் வந்து கேக்குறேன்' என்று மனதுக்குள் சொல்லி, கொஞ்சம் இடம்விடக் கேட்க வேண்டும். பிறகு கிளையன்ட்டைப் புதிதாகப் பார்க்க வேண்டும். அடக்கி உட்காரவைப்பது உதவாது, அடுத்த பத்து நிமிடத்தில் வேறு உருவத்தில் வரும். சொன்ன வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். இரண்டு செஷன்களுக்கு நடுவே 10-15 நிமிடம் விடாமல் அடுக்கிக்கொண்டே போகிறவர்களின் பகுதிகள் இரண்டாம் முறை விலகாது. விலகி என்ன பிரயோஜனம் என்று அவற்றுக்குத் தெரிந்துவிடும்.

"உங்களுக்கு என் மேல கோபமா?" என்று கிளையன்ட் கேட்டுவிட்டால் மழுப்பக் கூடாது. சின்ன வயதில் தான் சரியாகப் பார்த்ததையெல்லாம் 'அப்படி ஒண்ணும் இல்ல' என்று பெரியவர்கள் மறுத்ததுதான் பலருக்கு அடிப்படைக் காயம். "ஆமா, என்கிட்ட ஒரு பகுதி கொஞ்சம் பொறுமை இழந்துச்சு. அதை நான் பாத்துக்குறேன், உங்க தப்பு இல்ல" என்பது போதும். அந்தப் பகுதியாக மாறிப் பேசாமல் அதன் சார்பில் பேசுகிறோம். அதற்கு மேல் நம் சொந்தக் கதைக்கு இறங்கினால், கிளையன்ட்டின் பராமரிக்கும் பகுதி நம்மைக் கவனிக்க எழுந்துவிடும்.

மிகப் பெரிய சேதம் நடப்பது அவசரத்தில். காயப்பட்ட சிறு பகுதியை, அதாவது எக்சைலை, பாதுகாவலர்களின் அனுமதி இல்லாமல் தொட்டுவிடுவது. அன்று கண்ணீரோடு நல்ல செஷன் போலத் தோன்றும். அந்த வாரமே குடி, வெட்டிக்கொள்ளுதல், வராமல் போவது என்று ஃபயர்ஃபைட்டர்கள் பதில் சொல்லும். ஆழமாகப் போக ஆசைப்பட்டது யார் என்று பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் தெரபிஸ்ட்டின் சாதனைப் பகுதி நிற்கும்.

செல்ஃபில் இருப்பது என்றால் எப்போதும் குழைவது என்றும் சிலர் நினைக்கிறார்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது, பாதுகாப்புத் திட்டம் போடுவது, நேரத்துக்கு முடிப்பது எல்லாம் அதிலிருந்தே வரும், பதற்றம் இல்லாமல்.

ஒரே கிளையன்ட்டிடம் நம்முடைய அதே பகுதி மூன்று நான்கு செஷன்களில் தொடர்ந்து வந்தால், அதைச் சூப்பர்விஷனுக்கு, அதாவது மூத்த தெரபிஸ்ட் ஒருவரோடு நம் வேலையை அலசும் சந்திப்புக்கு, கொண்டுபோக வேண்டும். அங்கே கிளையன்ட்டின் கதையை முழுதாக ஒப்பிக்கத் தேவையில்லை. அவர் எந்த வார்த்தை சொன்னபோது நம் தோள் இறுகியது, அந்த நேரத்தில் நம் பகுதி எந்த வயதிலேயே நின்றுவிட்டது போலத் தோன்றியது என்பதிலிருந்து ஆரம்பித்தால் போதும்.