வந்தவர்கள் வைத்த கடைகள்

திருநெல்வேலியில் நான் முதன்முதலாக வாங்கிய அல்வா நல்ல அல்வாவாக அமையவில்லை. ஊருக்குத் திரும்பும் அவசரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதிவைத்திருந்த ஏதோ ஒரு கடையில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினேன். மறுநாள் வீட்டில் டப்பாவைத் திறந்தபோது, நெய் இருக்க வேண்டிய இடத்தில் வனஸ்பதி வெள்ளை வெள்ளையாக உறைந்து கிடந்தது. அம்மா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். அந்த மௌனம் எனக்கு வெகுநாள் உறுத்தியது. அடுத்த முறை வேலை நிமித்தமாக நெல்லைக்குப் போனபோது, மாலை நான்கரை மணிக்கே வேலையை முடித்துக்கொண்டு, நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் போய் நின்றேன்.

இருட்டுக்கடையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆனாலும் அங்கே முதல்முறை நிற்பவருக்கு அது கடை என்றே தெரியாது. பெயர்ப் பலகை இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை, வாடிக்கையாளரை அழைக்கும் வண்ண விளக்கு இல்லை. மாலையில் கதவைத் திறந்து சில மணி நேரம் வியாபாரம் நடக்கும். சரக்குத் தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். அதற்குள் வாங்கியவர்களுக்கு அல்வா, மற்றவர்களுக்கு மறுநாள். வரிசையில் என் முறை வந்தபோது, "கொண்டு போகவா அண்ணாச்சி, இங்கனயே திங்கவா?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்துச் சொன்னேன். நூறு கிராம் இலைத் துண்டில் வந்தது. சூடு இன்னும் அடங்கவில்லை. விரலால் எடுத்தால் கண்ணாடிபோல வளைந்து, விடாமல் நீண்டு, நெய்யை விரலிடுக்கில் விட்டுவிட்டு வாய்க்குள் போயிற்று. மென்று விழுங்குவதற்கு முன்பே தொண்டையில் வழுக்கி இறங்கிவிட்டது. தெருவோரத்தில் நின்றபடி, சுற்றிலும் என்னைப் போலவே இலையை ஏந்திக்கொண்டிருந்த முன்பின் தெரியாதவர்கள் நடுவே, அம்மாவுக்கு நான் செய்த அநியாயம் எவ்வளவு பெரியது என்பதை அந்த ஒரு விள்ளலில் உணர்ந்தேன்.

அல்வா என்பது மூன்றே பொருள்களால் ஆனது: சம்பா கோதுமை, சர்க்கரை, நெய். கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பால் எடுத்து, அந்தப் பாலை ஓர் இரவு அசையாமல் தெளிய வைக்கிறார்கள். மறுநாள் மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலைச் சர்க்கரைப் பாகில் ஊற்றி, நெய்யைச் சிறிது சிறிதாக விட்டபடி, அது உறிஞ்சிய நெய்யையெல்லாம் திரும்பக் கக்கும்வரை கை ஓயாமல் கிளறுகிறார்கள். அந்தப் பழுப்புச் சிவப்பு நிறம் சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பதால் வருவது. ஊர்க்காரர்கள் எல்லாப் பெருமையையும் தாமிரபரணித் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தெளிய வைக்கும் அந்த ஓர் இரவை யாரும் சுருக்காமல் இருப்பதுதான் முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருநெல்வேலி என்றாலே அல்வா என்று சொல்கிறோமே, அந்த அல்வாவின் புகழுக்குக் காரணமான இந்தக் கடையை வைத்தவர்கள் திருநெல்வேலிக்காரர்கள் அல்லர். ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு ராஜபுத்திரக் குடும்பத்தினர். காசி யாத்திரை போன சொக்கம்பட்டி ஜமீன்தார் அங்கே இனிப்பைச் சுவைத்து மகிழ்ந்து, சமையல்காரர்களைக் கையோடு அழைத்து வந்தார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். இதைக் கேட்ட அன்று இரவு, பயணங்களில் கிடைத்த நல்ல கடைகளைக் குறித்துவைக்கும் என் சிறிய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மறுபடி மறுபடி போன கடைகளின் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். புள்ளி விழுந்த கடைகளில் பெரும்பாலானவை எங்கிருந்தோ வந்தவர்கள் வைத்தவையாகவோ, எங்கிருந்தோ வந்த பண்டத்தை விற்பவையாகவோ இருந்தன. அதற்குப் பிறகு எந்த ஊர் போனாலும் இதைக் கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

தூத்துக்குடி மக்ரூன் அவற்றில் எனக்கு மிகவும் வியப்பானது. முத்துக்குளித்துறைக்குப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். கடற்கரையில் தேவாலயங்களையும், பரதவர் குடும்பங்களில் இன்றும் வழங்கும் பெயர்களையும், இந்த இனிப்பையும் விட்டுச் சென்றார்கள் என்பார்கள். ஐரோப்பாவில் இதைப் பாதாமில் செய்வார்கள். பாதாம் விளையாத இந்தக் கரையில் முந்திரி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து அதே போர்த்துக்கீசியர் கொண்டுவந்து நட்ட மரத்தின் கொட்டைதான் என்று தெரிந்தபோது, கையிலிருந்த மக்ரூனைச் சற்று நேரம் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு நுரைத்து நிற்கும்வரை அடித்து, முந்திரிப் பொடியைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, அடுப்பின் இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுக்கிறார்கள். மேற்புறம் பல் பட்டதும் உதிர்ந்து கரையும். அடிப்பாகத்தில் மட்டும் முந்திரி சற்றே பிசுபிசுப்பாகப் பல்லில் நிற்கும். அந்த அடிப்பாகத்துக்காகத்தான் நான் சாப்பிடுகிறேன். ஞானம், தனலட்சுமி ஆகிய இரண்டு பேக்கரிகளிலும் வாங்கியிருக்கிறேன். எது மேல் என்று தூத்துக்குடிக்காரர்கள் முன்னால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். காற்றின் ஈரம் பட்டால் நமுத்துப்போகும் என்பதால் இறுக்கமாகக் கட்டித் தருவார்கள். அப்படிக் கட்டியதை ஒருமுறை ரயிலில் மேல் படுக்கையில் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். காலையில் பாதிக்கு மேல் பொடியாகிவிட்டிருந்தது. வீட்டில் எல்லோரும் பொடியைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டு, பையின் மூலையில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை. நீங்கள் வாங்கினால் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரில் பர்மா கடை என்று கேட்டால் வழி சொல்லாதவர் இல்லை. அதன் வரலாறு பெயரிலேயே இருக்கிறது. அங்கே எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட வேண்டும். அகன்ற தட்டைச் சட்டியின் நடுவில் எண்ணெய் குளம்போல நிற்க, கல்லில் வெந்துகொண்டிருக்கும் புரோட்டாக்களை ஒவ்வொன்றாக அதற்குள் தள்ளிப் பொரித்தெடுக்கிறார்கள். இலையில் விழும்போது அப்பளம்போல ஒலி கேட்கிறது. அதைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை முழுவதும் மூழ்கடிக்காமல் பாதிக்கு ஊற்றி, நனைந்த துண்டையும் நனையாத துண்டையும் சேர்த்து எடுத்து வாயில் வைக்க வேண்டும். முழுவதும் ஊறவிட்டால் பிறகு எந்த ஊர்ப் புரோட்டாவுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது.

மதுரை விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா குடித்ததைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெயரே உருது என்பதையும், சுண்டக் காய்ச்சிய பாலும் கடற்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்தக் குளிர்ச்சி சித்திரை வெயிலில்தான் முழுதாகப் புரியும் என்பதையும் மட்டும் குறித்துவைக்கிறேன்.

பயணத்தில் தேடிக் கண்டுபிடித்ததெல்லாம் சொந்த ஊரிலும் அப்படியே இருந்தது என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லியைச் சென்னையின் ருசி என்றே நினைத்து வளர்ந்தவன் நான். 1948-இல் அதைத் தொடங்கியவர் உத்தரப் பிரதேசத்தின் மதுராவிலிருந்து வந்தவர். அங்கே சாம்பாரைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். பாத்திரத்தோடு வந்து இட்லி மறையும்வரை ஊற்றுவார்கள், குறையக் குறைய மறுபடியும் ஊற்றுவார்கள். அப்பாவுக்குப் பிடித்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். உடுப்பிப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து, ஓட்டல் அடுக்களைகளில் கடைநிலை வேலை பார்த்து முன்னேறிய கிருஷ்ண ராவ் 1938-இல் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் 1962-இல் வந்தது. எங்களிடம் கார் இல்லை. ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்காருவோம். நான் மட்டும் வெளியே எட்டி, கார்க் கதவில் தட்டை மாட்டிவைத்துச் சாப்பிடும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 2008-இல் அதை மூடினார்கள். இன்று அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பூங்கா அழகானதுதான்; ஆயினும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் மூக்கு ரவா தோசையின் நெய் மணத்தைத் தேடுகிறது.

எல்லாவற்றிலும் எனக்கு மிக நெருக்கமானது, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய தெருவில் மாலை வேளையில் நிற்கும் அத்தோ வண்டிகள். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பெருந்தொகையாகக் கப்பலேறி வந்தார்கள். சேர்த்த பொருளை எடுத்துவர வழியில்லை. 1969-இல் ராஜாஜி சாலை ஓரத்தில் அவர்களுக்காகக் கடைகள் ஒதுக்கப்பட்டு பர்மா பஜார் உருவாயிற்று. எடுத்துவர முடிந்தவற்றில் கைப்பக்குவமும் ஒன்று. வியாசர்பாடிப் பக்கமும் இந்தக் கடைகள் உண்டு. ஆனால் எனக்குப் பழகியது கடற்கரைதான். பர்மிய மொழியில் 'அத்தோ' என்பது கையால் பிசைந்து கலக்கும் உணவைக் குறிக்கும் சொல். அந்தப் பொருள் மாறாமல் இன்றும் கையால்தான் கலக்கிறார்கள்.

நான் வழக்கமாகப் போகும் வண்டிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அலுமினியக் கிண்ணத்தில் வேகவைத்த மஞ்சள் நிற நூடுல்ஸ் ஒரு பிடி, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், நொறுக்கிய பேஜோ, கடலை மாவு, பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர் என்று அவர் கை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பார்க்காமலே போய் வரும். கடைசியில் பூண்டு வதக்கிய எண்ணெய் ஒரு கரண்டி. பிறகு ஐந்து விரலையும் விரித்துத் தூக்கித் தூக்கிக் கலக்குவார். அழுத்திப் பிசைந்தால் நூடுல்ஸ் கூழாகிவிடும். பேஜோ என்பது நம் தட்டைக்கு உறவுக்காரப் பண்டம். அது ஊறிப்போவதற்கு முன் சாப்பிட்டாக வேண்டும் என்பதால், தட்டை வாங்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் அவர் முகம் வாடும்.

"காரம் போடலாமா அண்ணே?" என்று அவர் கேட்பார். "போடுங்க" என்றால் ஒரு சிட்டிகைதான் போடுவார். "நல்லாப் போடுங்க" என்று சொன்னால்தான் உண்மையான காரம் வரும். வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தை அடைத்து, புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் விட்டுத் தருவதும் உண்டு; அதைக் கடிக்காமல் முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளி.

ஒருநாள் மழை வரும் அறிகுறியில் கூட்டம் குறைந்திருந்தபோது, "நீங்க பர்மாவுல பொறந்தவரா?" என்று கேட்டேன். "அம்மாதாண்ணே. நான் இங்கதான், பர்மாவைப் பார்த்ததே இல்ல" என்றார். வாழைத்தண்டு சூப்பை மட்டும் இன்றும் அம்மாதான் வீட்டில் வைத்துக் கொடுக்கிறார் என்றும், தாம் வைத்தால் வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். அங்கே மீன் சேர்த்து வைக்கும் மொஹிங்கா என்ற குழம்பின் சாயல் அந்தச் சூப்பில் இருக்கிறது. வாழைத்தண்டு மெத்தென்று வெந்து, மிளகும் பூண்டும் மஞ்சளும் கலந்து, அத்தோவின் புளிப்புக்கும் காரத்துக்கும் பிறகு தொண்டையை ஆற்றும். பார்க்காத ஊரின் ருசியைக் கையிலேயே வைத்திருக்கும் அந்த மனிதரின் முன்னால் நிற்கும்போது எனக்கு மரியாதையாக இருக்கும்.

போக நினைப்பவர்கள் மாலை ஆறரை மணிக்குப் பிறகு போகலாம். அலுவலகம் விடும் நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது; நின்றே சாப்பிட வேண்டும். அத்தோவுக்குத்தான் விலை. சூப் தீர்ந்தால் கிண்ணத்தை நீட்டுங்கள். கேட்பதற்கு முன்பே ஊற்றிவிடுவார்.